காற்றுக்கு ஒருவழிப் பாதை

பஞ்சபூதத் தலங்களில் காளஹஸ்தி காற்றுக்கு உரியது. காஞ்சியில் மண், திருவானைக்காவில் நீர், திருவண்ணாமலையில் நெருப்பு, சிதம்பரத்தில் வெளி. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் வாயு. காற்று புக வழியில்லாத கருவறையிலும் ஒரு விளக்கின் சுடர் அசைந்துகொண்டே இருப்பதை வாயுவின் இருப்பாகக் கண்டு பக்தர்கள் வணங்குகிறார்கள். ராகு கேது பரிகாரத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சொந்தக் காரில் வரும் குடும்பங்களில் பல, பூஜை முடிந்ததும் நேரே ஊர் திரும்புவதில்லை. ஏர்ப்பேடு வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் திருப்பதி வந்துவிடும், அங்கிருந்து மலை. ஏறிய வண்டி இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் காரின் பிரேக் குழாய்க்குள் துளிக் காற்றும் இருக்கக் கூடாது. இருந்தால் அதை எப்படி எடுப்பது, உதவிக்கு ஆள் இல்லாமல் வீட்டு வாசலிலேயே எடுக்க முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. முடியும். நடப்பது இன்னதென்று புரிந்து செய்தால், வழக்கமாக இருவர் சேர்ந்து செய்வதைவிடச் சுத்தமாகவே முடியும். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறேன்.

முதலில் மலையின் கணக்கு. திருப்பதி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 160 மீட்டர். திருமலை சுமார் 850 மீட்டர். 1944ல் திறந்த முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்கு. 1974ல் வந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கு. இறங்கும் பாதை ஏறக்குறைய 19 கிலோமீட்டர், நெடுகக் கொண்டை ஊசி வளைவுகள். 40 நிமிடத்துக்குக் குறையாமல் இறங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆட்களும் மூட்டை முடிச்சும் சேர்ந்து 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று சுமார் 700 மீட்டர் இறங்கும்போது 82 லட்சம் ஜூல் ஆற்றல் விடுபடுகிறது. மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க அது போதும். டயர்களின் உருளல் தடையும் எதிர்க்காற்றும் இதில் 30 லட்சத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். மீதி 50 லட்சம் ஜூலை எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்ற நினைப்பில் நியூட்ரலில் இறங்குபவர் அத்தனையையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். நான்கு சக்கரங்களின் டிஸ்கும் டிரம்மும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்று வைத்துக்கொள்வோம். சூடு எங்கும் போகாமல் தங்கினால் அந்த இரும்பின் வெப்பநிலை 540 டிகிரி உயரும். ஓடுகிற வண்டியில் பெரும்பகுதி ஆறிவிடும் என்பது உண்மை. ஆனால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்துக்குள் நுழையும் காற்று நெடுஞ்சாலையில் கிடைப்பதைவிடக் குறைவு; கால் பெடலை விட்டு எடுக்கும் நேரமும் குறைவு. 2022 முதல் இந்த மலையில் ஓடும் மின்சாரப் பேருந்துகள் இறங்கும்போது இந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகின்றன. சாதாரண பெட்ரோல், டீசல் காருக்கு அந்த வழி கிடையாது.

டிஸ்கில் பிறந்த சூடு பேடு வழியாகக் காலிப்பர் பிஸ்டனுக்குப் போகிறது. பிஸ்டனின் முதுகில் நிற்கும் பிரேக் ஆயிலுக்கு அங்கிருந்து ஏறுகிறது. இன்றைய கார்களில் ஊற்றப்படும் பிரேக் ஆயில் பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். டாட் 3 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது. இந்தத் திரவத்துக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும், மாஸ்டர் சிலிண்டர் மேலிருக்கும் டப்பாவின் மூடி வழியாகவும், மழைக்கால ஈரம் மெல்ல உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் டாட் 3 தாங்க வேண்டிய அளவு 140 டிகிரிதான், டாட் 4க்கு 155 டிகிரி. தொண்டைவரை வந்த கொதிப்பு மலை இறங்கும்போதே வெளிப்பட வேண்டும் என்பதும் இல்லை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திய பிறகு டிஸ்கைக் குளிர்விக்கக் காற்று இல்லை. தேங்கிய சூடு காலிப்பருக்குள் ஏறுகிறது. மலையை ஒழுங்காக இறங்கி, கீழே டீ குடித்துவிட்டு வண்டியை எடுப்பவருக்கு ஊருக்குள் முதல் சிக்னலில் பெடல் தரைவரை போய்விடலாம். ஆயில் கொதித்து உண்டான ஆவி அந்த இடைவேளையில் குழாயில் இடம் பிடித்திருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லிப் பெரும்பாலான கார் நிறுவனங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆவியோ காற்றோ, குழாய்க்குள் வந்துவிட்டால் ஏன் இவ்வளவு கெடுதல்? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்டுபிடித்தார். அந்த உண்மை காருக்கு வந்து சேர 250 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய முதல் பயணிகள் கார் 1921ல் வந்த டூசன்பர்க். ஃபோர்டு 1939 மாடல் வரும்வரை தண்டும் கம்பியும் இழுக்கும் பிரேக்கையே வைத்திருந்தது. திருமலைக்கு முதல் மலைப்பாதை திறந்தபோது ஹைட்ராலிக் பிரேக் இன்னும் புதுசுதான். நம் ஊரில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னை பாடியில் 1962ல் தொடங்கியது. பாஸ்கலின் விதி நடைமுறையில் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இடையில் இருப்பது சுருங்காத பொருளாக இருக்க வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐம்பது மடங்கு கொடுத்தாலும் பிரேக் ஆயில் நூற்றுக்குக் கால் பங்குதான் சுருங்கும். அதே அழுத்தத்தில், ராபர்ட் பாயில் 1662ல் சொன்ன கணக்குப்படி, காற்று ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்று கொள்வோம். குழாயில் ஒரு மில்லி காற்று இருந்தால் அதை நசுக்கவே பிஸ்டன் மூன்று மில்லிமீட்டர் போக வேண்டும். பெடல் அதைப் போல் நாலு மடங்கு நகரும் என்பதால் காலுக்கு அது 13 மில்லிமீட்டர் வீண். மூன்று மில்லி காற்றென்றால் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் வீண். பெடலின் மொத்த நகர்வே ஒரு சாண் வராது.

காற்றையே வேலை செய்ய வைக்கும் பிரேக்கும் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். டீசல் பேருந்துகளிலும் லாரிகளிலும் இருப்பது ஏர் பிரேக்; அழுத்திய காற்றுதான் அங்கே சக்கரத்தைப் பிடிக்கிறது. இந்த ஒப்பீடு காற்றின் உண்மையான குற்றம் என்ன என்பதைத் தெளிவாக்குகிறது. பேருந்தில் எஞ்சின் ஓட்டும் கம்ப்ரெசர் தொட்டிகளில் காற்றை இடைவிடாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநரின் கால் வால்வைத் திறக்கிறது, அவ்வளவே; எவ்வளவு கனஅளவு தேவைப்பட்டாலும் தொட்டி கொடுக்கும். காரில் அப்படித் தொட்டி இல்லை. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் திரவம் முழுவதும் ஒரு கால் ஒரே மிதியில் தள்ளுவது. நாலைந்து மில்லிக்கு மேல் தேறாது. அந்தச் சிறிய முதலில் ஒரு மில்லியைக் காற்று தின்றால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. காரில் பிரச்சினை அழுத்தப் பற்றாக்குறையாகத் தோன்றினாலும் அடிப்படையில் அது கனஅளவுப் பற்றாக்குறை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஏர் எடுப்பது என்ற வேலையின் ஒவ்வொரு படியும் கனஅளவுக் கணக்காகவே விளங்கும்; ஆள் வேண்டுமா வேண்டாமா என்பதும் அதே கணக்கில் தீரும்.

பட்டறையில் வழக்கமாக நடப்பது இது. ஒருவர் ஓட்டுநர் இருக்கையில். மெக்கானிக் சக்கரத்தருகே ரிங் ஸ்பேனருடன். "அமுக்குங்க, புடிங்க" என்றதும் இருக்கையில் இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிப்பார். மெக்கானிக் காலிப்பரின் உச்சியிலுள்ள பிளீடர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். ஆயிலும் குமிழியும் சீறி வரும். பெடல் தரையைத் தொடும். நிப்பிளை மூடிய பிறகே "விடுங்க" என்பார். இதில் இரண்டாவது ஆள் எதற்கு? பெடலை மிதிக்க என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மிதிப்பதை ஒருவரே செய்ய முடியும். இரண்டு பேர் தேவைப்படுவது, பெடல் மேலே வருவதற்கு முன் நிப்பிள் மூடியிருக்க வேண்டும் என்பதற்காக. திறந்திருக்கையில் பெடல் எழும்பினால், வெளியே போன வழியிலேயே காற்று உள்ளே வரும். அடிபம்பை எண்ணிப் பாருங்கள். ஏறிய தண்ணீர் மறுபடி கிணற்றுக்குள் விழாமல் அடியில் ஒரு வால்வு தடுக்கிறது. அது தேய்ந்துவிட்டால் கை ஓயும்வரை அடித்தாலும் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பிரேக் வேலையில் அந்த வால்வின் இடத்தில்தான் இரண்டு மனிதர்களும் அவர்களுக்கிடையிலான குரலும் இருக்கின்றன. குரல் ஒரு நொடி பிந்தினால் வால்வு கசிகிறது. அப்படியானால் தனியாக வேலை செய்பவர் தேட வேண்டியது ஆளை அல்ல, கசியாத ஒரு வால்வை.

ஆளே வேண்டாம், நிப்பிளைத் திறந்து வைத்துவிட்டால் ஆயில் தானாகச் சொட்டி வெளியே வரும், காற்றும் கூடவே வரும் என்று ஒரு கருத்து உண்டு. பெடலைத் தொடாததால் திரும்பி இழுக்கும் பேச்சுக்கே இடமில்லை. பழைய ஆயிலை வடிக்க இது நல்ல வழி. காற்றை எடுக்க இது மட்டும் போதாது. குமிழியின் இயல்பு மேலே ஏறுவது. அரை மில்லிமீட்டர் அகலக் குமிழி பிரேக் ஆயிலில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏறும். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் வடிந்தால், மூன்று மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள பிரேக் குழாய்க்குள் ஆயில் நகர்வது நொடிக்கு ஆறு மில்லிமீட்டர். இறங்குமுகமான குழாயில் ஆயில் கீழே வரும் வேகத்தைவிடக் குமிழி மேலே ஏறும் வேகம் அதிகம். எத்தனை மணி நேரம் சொட்டினாலும் அந்தக் குமிழி நிப்பிளுக்கு வராது. குழாயின் குறுக்களவு முழுவதையும் அடைத்துக்கொண்ட பெரிய குமிழியின் கதை வேறு: பரப்பு இழுவிசை அதைக் குழாயின் சுவரோடு பிணைத்துவிடுவதால் அது ஏறுவதும் இல்லை, தானாக இறங்குவதும் இல்லை, ஆயில் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் போகும். ஒரு நொடியில் ஒரு முழு மிதி என்றால் ஆயிலின் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கு எகிறுகிறது. எந்தக் குமிழியாலும் அதை எதிர்த்து ஏற முடியாது. ஆகவே தேவை இரண்டு: வேகமாக முன்னோக்கிய ஓட்டம், அந்த ஓட்டம் பின்வாங்காமல் ஒரு தடை. முதலாவதைக் கால் கொடுக்கும். இரண்டாவதை அறுபது சென்டிமீட்டர் டியூப் கொடுக்கும்.

மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிந்த டியூபை எடுத்துக்கொள்ளலாம். நிப்பிளின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதே முக்கியம். முதலில் ரிங் ஸ்பேனரை நிப்பிளில் மாட்டிவிட்டு, அதன் பிறகே டியூபைச் சொருக வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து நேராகக் கீழே தொங்கக் கூடாது. முதலில் மேல்நோக்கி எழுந்து, பிறகு வளைந்து, நிப்பிளைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பாட்டிலுக்குள் இறங்க வேண்டும். பாட்டிலின் அடியில் இரண்டு விரல்கடை புது ஆயில். டியூபின் நுனி அதில் மூழ்கியிருக்க வேண்டும். மிதித்ததும் வெளியே வரும் குமிழி, டியூபின் ஏறுமுகத்தில் தானாகவே மேலே நகர்ந்து நிப்பிளை விட்டு விலகும். பெடல் எழும்பும்போது நிப்பிள் எதையாவது திரும்ப இழுத்தால், அதன் வாயருகே நிற்பது காற்றற்ற ஆயில். அதுதான் உள்ளே போகும். ஐந்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூபில் ஐம்பது சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்து மில்லி ஆயில் நிற்கும். ஒரு மிதியின் கனஅளவைப் போல் அது இரண்டு மடங்கு. ஒரு முழு மிதி முழுவதையும் திரும்ப இழுத்தாலும் டியூபிலுள்ள ஆயில் தீராது, காற்று நிப்பிளை எட்டாது. குரலுக்குப் பிந்தாத, அசராத வால்வு இதுதான். முதல் இரண்டு மூன்று மிதிகளில் டியூப் இன்னும் நிறைந்திருக்காது என்பதால், அவற்றை மட்டும் நிப்பிளை இடையிடையே மூடிச் செய்துவிட்டால் குறை தீர்ந்தது.

மிதிப்பதிலும் முறை உண்டு. அமுக்கும்போது விரைவாக, விடும்போது மெதுவாக. விரைவான ஓட்டம் குமிழியை முன்னே தள்ளும். மெதுவாக விட்டால் உள்ளே ஏற்படும் இழுவை குறைந்து, மாஸ்டர் சிலிண்டர் தனக்கு வேண்டியதை மேலே இருக்கும் டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். நிப்பிளின் மரை வழியாகக் காற்று நுழையும் வாய்ப்பும் குறையும். பாட்டில் உயரத்தில் இருப்பது அந்த மரையில் எப்போதும் சிறிது நேரழுத்தத்தை வைத்திருக்கிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அது தரைவரை போகாமல் தடுப்பது மிக நல்லது. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முன்பாதியில்தான் போய்வருகிறது. ஆழத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் போகாத அந்த இடத்துக்கு ரப்பர் வாஷரைத் திடீரென்று தள்ளினால் அதன் உதடு கிழியலாம். இருவர் முறையில் ஒவ்வொரு தடவையும் பெடல் தரையைத் தொடுவதால் பழைய வண்டிகளுக்கு இந்த ஆபத்து உண்டு. தனியாகச் செய்பவரால் அதைத் தவிர்க்க முடிகிறது. கைபேசியை டியூபுக்கு நேரே நிறுத்தி வீடியோ ஓடவிட்டால், எந்த மிதியில் குமிழி நின்றது என்பதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பின் சக்கரத்துக்குப் போகும் மூன்றரை மீட்டர் குழாயில் சுமார் 30 மில்லி ஆயில் இருக்கும். ஏழெட்டு மிதியில் ஒரு சுற்று மாறும், இருபது மிதியில் புது ஆயிலின் தெளிவு டியூபில் தெரியும். பத்து மிதிக்கு ஒருமுறை டப்பாவை நிரப்புவதை மட்டும் மறக்கக் கூடாது. டப்பா காலியானால் மாஸ்டர் சிலிண்டரே காற்றைக் குடித்துவிடும். அதுவரை செய்த வேலை எல்லாம் வீண்.

தனியாளுக்கு வேறு கருவிகளும் உண்டு. அவற்றையும் இதே இரண்டு நிபந்தனைகளை வைத்து எடைபோடலாம். நிப்பிளில் வாக்குவம் பம்பை மாட்டி இழுத்தால் ஓட்டம் ஒரே திசையில் இருக்கும். ஆனால் மரை வழியாக வெளிக்காற்றையும் இழுப்பதால் டியூபில் குமிழி நிற்கவே நிற்காது, காற்று தீர்ந்ததா என்று சொல்ல முடியாமல் போகும். மேலே டப்பாவில் வளிமண்டலத்தைவிடச் சுமார் ஒரு மடங்கு அதிகமான அழுத்தம் கொடுக்கும் பிளீடர் நல்ல கருவி. பெடலைத் தொடவே வேண்டாம், பின்வாங்கலும் இல்லை. அதன் மூடி நம் வண்டியின் டப்பாவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் அறை முழுவதும் ஆயில் பீய்ச்சும். காலிப்பரிலிருந்து சிரிஞ்சால் மேல்நோக்கித் தள்ளும் முறை குமிழியின் இயல்போடு ஒத்துப்போகிறது. பழைய ஆயிலின் கசடையும் மாஸ்டர் சிலிண்டருக்குள் தள்ளுகிறது என்பது அதன் குறை. செலவு, கைக்கெட்டும் பொருள், கண்ணால் சரிபார்க்கும் வசதி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் டியூபும் பாட்டிலுமே வீட்டு வேலைக்கு முன்னால் நிற்கின்றன.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது இதுதான்: பிரேக் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடாமல் ஏன் கைவைக்க வேண்டும்? தவறு நேர்ந்தால் அடிபடுவது ஓட்டுபவர் மட்டுமல்ல, கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் குடும்பமும்தான். இந்த மறுப்பை நான் முழுமதிப்போடு ஏற்கிறேன். அதனால்தான் வேலையின் எல்லையைக் குறுக்குகிறேன். வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும். துருப்பிடித்த நிப்பிளை முறுக்கி உடைக்கும் நிலை வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆயில் கசிவு தெரிந்தால், ஹோஸில் வெடிப்பு இருந்தால், அது வீட்டு வேலை இல்லை. கையில் எடுக்கும் ஆயில் வண்டிக்குச் சொன்ன தரத்தில், சீல் உடைக்காத டப்பாவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் சிறிது கலந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். இவ்வளவு எல்லை வகுத்த பிறகு மிஞ்சும் வேலை, நிதானமும் சுத்தமும் கேட்கும் வேலை. அவசரத்தில் நிற்கும் பட்டறையைவிட, நேரம் தன் கையில் இருக்கும் வண்டிக்காரருக்கு நிதானம் எளிது. மறுப்பின் உண்மையான பலன், தனியாள் வேலையைத் தடுப்பதில் இல்லை. வேலை முடிந்தபின் சோதனையைக் கட்டாயமாக்குவதில் இருக்கிறது.

அடுத்த மறுப்பு ஏபிஎஸ் பற்றியது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களுக்கு அது கட்டாயம். அதன் வால்வுத் தொகுதிக்குள், சாதாரணமாக மூடியே இருக்கும் சிறு அறைகள் உண்டு. அங்கே காற்று புகுந்தால் பெடலை எத்தனை முறை மிதித்தாலும் வராது, கம்ப்யூட்டர் கருவியால் வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். இது உண்மை. ஆனால் அந்த அறைகளுக்குள் காற்று போவது டப்பா காலியாக ஓடவிட்டாலோ, தொகுதியைக் கழற்றினாலோதான். டப்பாவை நிரம்பவே வைத்து ஆயில் மாற்றுபவருக்கு அந்தக் கருவி தேவைப்படாது; டப்பாவைக் காயவிட்டவருக்கு ஆள் இருந்தாலும் கருவி இல்லாமல் முடியாது. உதவியாள் இருக்கிறாரா என்ற கேள்விக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. எந்தச் சக்கரத்தை முதலில் எடுப்பது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான பின் இடது சக்கரம் முதலில் என்பது பொது வழக்கம். பல கார்களில் குழாய்கள் மூலைக்கு மூலை குறுக்காக இணைந்திருப்பதால் வண்டியின் கையேடு சொல்லும் வரிசையே இறுதி.

இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளுமே, ஆயிலுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களும் உண்டு. எஞ்சின் பிடிப்புதான் முதல் காவல். மேலே சொன்ன 50 லட்சம் ஜூலில் பெரும்பங்கை அது தாங்கினால் பிரேக்குக்கு வளைவுகள் மட்டுமே மிஞ்சும். ஆனால் எஞ்சின் வண்டியை மெதுவாக்கும், நிறுத்தாது. குறுக்கே யாரோ வந்துவிட்ட நொடியில் கேட்கப்படுவது பிரேக்கை மட்டுமே, அதுவும் ஒரே மிதியில். இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பெடல் தொளதொளத்தால் எல்லாம் காற்றுதான் என்று முடிவு கட்டக் கூடாது. பின் டிரம்மில் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும் முதல் மிதி ஆழம் போகும். மிதித்துப் பிடித்தபடியே பெடல் மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். காற்றின் அடையாளம், மிதி பஞ்சு போல் இருந்து, விட்டு விட்டு வேகமாக மிதித்தால் இறுகுவது.

அதனால் சோதனையும் கனஅளவுக் கணக்கையே பின்பற்றுகிறது. எஞ்சினை நிறுத்தி, நாலைந்து முறை மிதித்துப் பூஸ்டரின் வாக்குவத்தைத் தீர்த்துவிட்டு, பெடலை ஓங்கி மிதித்து ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். அது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கால் எடுத்து மீண்டும் மிதித்தால் அதே உயரத்தில் இறுக வேண்டும். இரண்டாவது மிதியில் உயரம் கூடினால் காற்று மீதமிருக்கிறது, அல்லது டிரம்மில் இடைவெளி. பெடலை மிதித்தபடி எஞ்சினைக் கிளப்பினால் வாக்குவம் வருவதால் அது சிறிதே இறங்கி நிற்க வேண்டும். நான்கு நிப்பிளையும் துணியால் துடைத்து, இன்னொருமுறை அழுத்தி மிதித்துவிட்டு, ஈரம் கசிகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெயிண்டில் ஆயில் பட்டிருந்தால் அரித்துவிடும் முன் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில், நடக்கிற வேகத்தில் முதல் ஓட்டம்.

இந்த வேலையைக் காளஹஸ்திக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு செய்யக் கூடாது. ஒரு வாரம் முன்னால் செய்ய வேண்டும். வேலையில் குறை இருந்தால் சில நாள் ஓட்டத்தில் அது தெரியவரும். அப்போது பெடல் சற்று ஆழம் போவதை ஊருக்குள்ளேயே கால் உணர்ந்துவிடும், மறுபடி ஒரு சுற்று எடுத்துவிடலாம். அந்த ஒரு வாரத்தில் பெடல் மாறாமல் நின்றால் மட்டும் மலைக்குப் போக வேண்டும். இரண்டாவது ஆள் செய்துவந்தது ஒரு வால்வின் வேலை என்று கண்டுகொண்டபின், அதைச் செய்ய அறுபது சென்டிமீட்டர் டியூபும், ஒரு பாட்டிலும், நிதானமாக எழும்பும் ஒரு காலும் போதும். உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது, ஈரம் குடித்த பழைய ஆயிலோடு குடும்பத்தை மலை இறக்குவதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை.